தீபாவளிக்கு லீவு எடுக்காத பெட்டி

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு தீபாவளி காலை. திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் எங்கள் வீடு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையில் கட்டிய துண்டோடு முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போகிறேன், போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. அந்த இட்லியை நான் சாப்பிடவே இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். எந்தக் கம்பெனியிலும் வேலையில் இல்லை. மாடியில் ஒரு அறையும் ஒரு லேப்டாப்பும்தான் என் ஆபீஸ். பனியன் கம்பெனிகளுக்குப் பயன்படுகிற சின்னச் சின்னப் பொருட்களை நானே யோசித்து, நானே எழுதி, நானே கொண்டுபோய் விற்கிறேன். ரிப்பேர் என்று போன் வந்தால் எடுப்பதும் நான்தான். மருமகள் எங்கே வேலைக்குப் போகிறாள் என்று யாராவது கேட்டால், "ஊட்டுலயேதானுங்க இருக்கறா, ஆனா நேரமே இல்லீங்கறா" என்பார் என் மாமியார். எனக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. நான் செய்கிற பொருள் நல்ல பொருள் என்று எனக்குத் தெரியும்.

அப்படிச் செய்ததில் ஒன்றுதான் இந்தப் பெட்டி. கம்பெனியில் தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையையும் லைன் என்பார்கள். மெஷின் நின்றுவிட்டால் டெய்லர் எழுந்துபோய் மெக்கானிக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக லைனுக்கு ஒரு பெட்டி மாட்டிக் கொடுத்தேன். மேலே ஒரு பட்டன், பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. பட்டனை அமுக்கினால் மெக்கானிக்கின் போன் அடித்து, எந்த லைன் கூப்பிடுகிறது என்று சொல்லும். கரண்ட் போனாலும் வேலை செய்யட்டும் என்று உள்ளே பேட்டரியும், இன்டர்நெட்டுக்குத் தனியாக ஒரு சிம் கார்டும் வைத்திருந்தேன். "கரண்ட் போனா மெஷினே ஓடாதுங்களே அம்மணி, அப்பறம் பேட்டரி என்னத்துக்குங்க?" என்று சிரித்தார் என் முதல் வாடிக்கையாளர். நியாயமான கேள்விதான். ஆனாலும் அரைகுறையாக ஒரு பொருளைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

அந்தத் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் அதே வாடிக்கையாளர் வேறொன்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ் ஏறி இறங்கியதில் பெட்டி தானாகவே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டது. அதனால் லீவு நாட்களில் பெட்டி வாயைத் திறக்காதபடி ஒரு செட்டிங் வேண்டும் என்றார். வோல்டேஜ் கோளாறை உடனே சரிசெய்துவிட்டேன். செட்டிங்கையும் அன்றே முடித்திருப்பேன். யார் எதைக் கேட்டாலும் மறுநாள் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் மாமியார் முறுக்கு சுட என்னை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டார். தீபாவளி கழித்துத் தருகிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, உர்ரென்று முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன்.

காலையில் வந்த குரல் பதிவு அந்தக் கம்பெனி மெக்கானிக்குடையது. தென்மாவட்டத்துக்காரர், முதல் நாளே பஸ் ஏறிவிட்டார். "யக்கா, ஹேப்பி தீபாவளி. ஒங்க பொட்டி நேத்து ராத்திரியில இருந்து என்னையக் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கு. கொஞ்சம் அமத்தி விடுங்க, தூங்க முடியல" என்று சொல்லியிருந்தார்.

லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டில் இருந்தபடியே அந்தக் கம்பெனியின் பெட்டிகளை நிறுத்த என்னால் முடியும். நிறுத்தப் போன விரல் அப்படியே நின்றது. முதல் லைன் கூப்பிட்டிருந்தது. அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது, நான்காவது. திரும்ப நான்கிலிருந்து ஒன்று வரைக்கும். ஒரு பெட்டி கெட்டுப் போகலாம், எல்லாப் பெட்டியும் சேர்ந்துகூடக் கெட்டுப் போகலாம். ஆனால் இப்படி வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோய்க் கெடாது. உள்ளே யாரோ நடக்கிறார்கள்.

தீபாவளிக்குத் திருப்பூர் எப்படிக் காலியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். போனஸ் வாங்கிய கையோடு பாதி ஊர் பஸ் ஏறிவிடும். பூட்டிய கம்பெனியை அடுத்த வாரம்தான் திறப்பார்கள். அதுவரை உள்ளே இருப்பவர் கதி என்ன?

கம்பெனி முதலாளியான அந்த வாடிக்கையாளருக்குப் போன் போட்டேன். அவர் கொமரலிங்கத்தில் சொந்த ஊர் வீட்டில் இருந்தார்.

"மெயின் சுவிட்சையே ஆஃப் பண்ணீட்டுத்தானுங்க ஷட்டரைப் பூட்டுனேன். கரண்டே இல்லாம எப்புடிங்க கூப்புடும்?"

"அதுக்குத்தானுங்ண்ணா உள்ள பேட்டரி வெச்சிருக்கறேன்."

"அப்ப பேட்டரிதான் கெட்டிருக்குமுங்க. நல்ல நாளும் அதுவுமா ஏனுங்க அம்மணி... ஆஃப் பண்ணி உட்டுட்டுப் போயிப் பலகாரம் சாப்புடுங்க."

அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் என் முதல் வாடிக்கையாளர் மட்டுமல்ல, அவர் சொல்லித்தான் மற்ற கம்பெனிகளும் என் பெட்டியை வாங்கியிருந்தன. பண்டிகை நாளில் அவரை அலைக்கழித்து, கடைசியில் உள்ளே ஒன்றுமில்லை என்றால், என் பிழைப்பு அன்றோடு முடிந்தது. இருந்தாலும் சொன்னேன்: "ஷட்டரைத் தெறந்து பாக்கலாமுங்ண்ணா. உள்ள ஆள் இல்லீன்னா எல்லாப் பொட்டியவும் நானே கழட்டி எடுத்துட்டுப் போயிர்றனுங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு, இன்னொரு சாவி திருப்பூரிலேயே இருக்கும் தம்பி வீட்டில் இருக்கிறது, அவனை அனுப்புகிறேன் என்றார்.

வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஈரத் தலையோடு பின்னால் உட்கார்ந்தேன். முதலாளியின் தம்பி புது வேட்டியில், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். தெரு முழுக்கப் பூட்டிய கம்பெனிகள். பக்கத்து வீதியில் சரவெடி ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. ஷட்டரில் காதை வைத்தேன், வெடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஓங்கித் தட்டினேன். பதில் இல்லை.

"பாத்தீங்களா? ஒருத்தருமில்லீங்க" என்றார் தம்பி.

தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனா? மெக்கானிக் போனுக்குப் போகிற அழைப்புகளை என் போனுக்கு மாற்றிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தேன். அந்தப் போன் இப்போது என் கையிலேயே அடித்தது. மூன்றாவது லைன். ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். தம்பி என்னையும் போனையும் பார்த்தார். அதன் பிறகு குனிந்து பூட்டைத் திறந்தார்.

ஷட்டர் ஏறியதும் வெளிச்சம் உள்ளே ஓடியது. மூன்றாவது லைன் ஓரமாக, தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் மேலே, பட்டன் மீது இருந்தது. உதடெல்லாம் காய்ந்திருந்தது. என்னை அவருக்குத் தெரியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் அண்ணாச்சி வரலியாக்கா?" என்று கேட்டார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். நானும் அழுதேன்.

அவர் அந்தக் கம்பெனி டெய்லர். கம்பெனி பூட்டுவதற்கு முந்தின இரவு முழுக்க வேலை பார்த்து, சரக்கை முடித்துக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, துணி ரோல்களுக்குப் பின்னால் கண்ணயர்ந்திருக்கிறார். அதற்குள் மெயினை அணைத்து, பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போனும் சார்ஜ் ஏறாமல் செத்துவிட்டது. ரூமில் கூடத் தங்கியிருந்தவர்கள் அவர் பஸ் ஏறிவிட்டார் என்று நினைத்தார்கள். ஊரில் அம்மா, கூட்டத்தில் பஸ் கிடைத்திருக்காது, நாளைக்கு வருவான் என்று நினைத்துக்கொண்டார். தேட ஒருவருமில்லை. அவர் ஷட்டரை உடைக்கிற மாதிரி அடித்தும், ஊரே வெடி வெடிக்கிற நாளில் யார் காதில் விழும்? நான் தட்டியதும் அவருக்கு வெடியாகத்தான் கேட்டிருக்கிறது.

"இருட்டுல இந்தப் பச்ச வெளக்கு மட்டுந்தாங்க்கா எரிஞ்சுது. அதான் அமுக்கிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

கடுகு வெடித்த முகத்தோடு வந்த தம்பிதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டெய்லரை வீட்டுக்கு அழைத்துப்போய், குளிக்க வைத்து, இலை போட்டுச் சாப்பாடு போட்டு, தன் காரிலேயே ஊரில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். முதலாளி எனக்குப் போன் செய்து, "அம்மணி, பொட்டியெல்லாம் அங்கயே இருக்கட்டுமுங்க" என்றார்.

அந்த லீவு செட்டிங்கை நான் எழுதவே இல்லை. நான் வழக்கம்போல் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் அந்தப் பெட்டிகள் ஊமையாகக் கிடந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. முறுக்குப் பிழிய உட்கார வைத்த மாமியாரை இப்போதெல்லாம் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அவரும் அதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதில்லை. லீவுக்குப் பூட்டுகிற நாளிலும் லீவு நாட்களிலும் யாராவது பட்டனை அமுக்கினால் முதலாளி, மெக்கானிக், நான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் போன் அடிக்கும்படி மாற்றி எழுதினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும், ஷட்டரை இறக்குவதற்கு முன்னால், அந்தக் கம்பெனியின் மூன்றாவது லைனிலிருந்து என் போன் ஒரே ஒரு தரம் அடிக்கும். மெஷின் ஒன்றும் நின்றிருக்காது. ஊருக்குக் கிளம்பிவிட்டேன் என்று அந்த டெய்லர் எனக்குச் சொல்கிற சேதி அது. முறுக்கு மாவுக் கையோடு போனை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: ஒருவர் பட்டனை அமுக்கினால் மறுமுனையில் கேட்க ஆள் இருக்க வேண்டும், என் தொழில் அவ்வளவுதான், அதை நான் சரியாகச் செய்துகொண்டிருக்கிறேன்.