வார்டுக்குப் போகும் ஸ்பூன்

தாராவியில் டிஸ்போசபிள் தட்டு, ஸ்பூன் சப்ளை செய்யும் ஒரு பட்டறையில் நான் சூப்பர்வைசர். பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த சமயம். ஓர் ஆஸ்பத்திரி கேண்டீன், நோயாளிகள் வார்டுக்கு ஸ்பூன் கேட்டது. முதலாளி மூன்று சாம்பிள் இறக்கினார்: மரம், மக்காச்சோள மாவில் செய்த பிளாஸ்டிக் போன்றது, கரும்புச்சக்கை.

எங்களுக்கு டெஸ்டிங் என்றால் மதியச் சாப்பாடுதான். எல்லோரும் சாம்பிளில்தான் சாப்பிட வேண்டும். பிறகு கொதிக்கும் டீயில் முக்கிப் பார்ப்போம். கரும்புச்சக்கை சாம்பாரில் ஊறி நுனி பிய்ந்தது. மக்காச்சோளம் வழவழப்புதான், ஆனால் டீயில் வாடிய வெற்றிலையாகத் துவண்டது. மக்கும் என்று அட்டையில் போட்டிருப்பதும் பாதி உண்மைதான். அதற்குச் சூடேற்றும் உரக்கூடம் வேண்டும். நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில் விழுந்தால் அப்படியே கிடக்கும். மரம் மட்டும் எதற்கும் அசையவில்லை.

"மரம் பக்கா" என்று முதலாளி முடித்துவிட்டார். எனக்கும் சரியென்றே பட்டது.

பேக்கிங் பார்க்கும் செல்வின், குட்காவால் வாயில் புற்று வந்து, ஆஸ்பத்திரியில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்து முடித்து அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். மூலையில் உட்கார்ந்து மர ஸ்பூனால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் ஓரத்தில் ரத்தம்.

"என்ன செல்வின் இது?"

ஸ்பூனைக் கையால் மூடினார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மரம் லேசா ஒரசுது. மொதலாளிட்ட சொல்லிராதிய. இன்னும் சீக்காளின்னு நெனச்சு நிப்பாட்டிருவாவ."

"இது வார்டுக்குப் போற ஸ்பூன், செல்வின்" என்று மட்டும் சொன்னேன்.

செல்வின் அந்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு தானே முதலாளியின் மேஜைக்குப் போனார்.

முதலாளிக்குக் கோபம். "ஒருத்தன் வாய் புண்ணுன்னா மொத்த சரக்கையும் மாத்த முடியுமா?"

"எங்கூட வார்டுல கெடந்த அத்தன பேருக்கும் இதே வாய்தான் மொதலாளி."

"மக்காச்சோளம் சூட்டுல வளையுதேப்பா?"

"நாங்க சூடா எங்க குடிக்கோம்? ஆறவச்சுத்தான் எறங்கும். ஆறுன கஞ்சில அது வளையாது."

முதலாளியே மக்காச்சோள ஸ்பூன் ஒன்றைப் பிரித்து நீட்டினார். செல்வின் நின்றபடியே மீதிக் கஞ்சியைக் குடித்தார். ஸ்பூன் வளையவில்லை, ரத்தமும் இல்லை. வாய்ப்புண் உள்ளவர்களுக்கு மக்காச்சோளம், மற்றவர்களுக்கு மரம் என்று ஆர்டரைப் பிரித்தோம். உரக்கூடத்துக்கு அனுப்பினால்தான் மக்கும் என்பதையும் கேண்டீனிடம் மறைக்கவில்லை. செல்வினை யாரும் நிறுத்தவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாங்கள் நல்ல வாய்களை வைத்து டெஸ்ட் செய்து, புண்பட்ட வாய்களுக்கு அனுப்பப் பார்த்தோம். யார் வாய்க்குப் போகப்போகிறதோ, அவரை முதலில் உட்கார வையுங்கள்.

பிற்பாடு செல்வினுக்கு நோய் திரும்பியது. அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது அவர் மனைவி எங்கள் மக்காச்சோள ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

செல்வின் மெல்ல விழுங்கிவிட்டுச் சொன்னார்: "ஸ்பூன் வலிக்கல அண்ணாச்சி."