பதினொன்று பத்துக்கு விழும் சர்வர்

பணியாளர் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: “கணினி அமைப்பு நிர்வாகி, இரண்டாம் நிலை. அமைதியான இயல்பினர். ஓரிடத்தில் அமர்ந்து நெடுநேரம் கவனம் சிதறாமல் பணிபுரிபவர். ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுபவர்.” இதை எழுதியவர் அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும், பிறகு யாரோ பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். அந்த நாற்காலியைப் பொறுத்தவரை விவரம் சரிதான். நாற்காலி அமைதியானது, ஓரிடத்தில் இருப்பது.

அவள்தான் அதில் இருப்பதில்லை. மருத்துவமனை முழுவதும் அவளைப் பம்பரம் என்றே கூப்பிட்டார்கள். தேநீரைப் பாதி குடித்துவிட்டு மீதியை எந்த மேசையில் வைத்தோம் என்று மறந்துபோவாள், நின்றுகொண்டே தட்டச்சு செய்வாள், நடந்துகொண்டே யோசிப்பாள். தொலைபேசியில் பேசத் தொடங்கும்போது இரண்டாம் மாடியில் இருப்பாள், முடிக்கும்போது வாகன நிறுத்தத்தில் இருப்பாள். ஏன் அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்து சர்வர் ஆறு வாரமாக விழுந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, எந்தக் கிழமை என்று கணக்கில்லை, ஆனால் எப்போதும் காலை பதினொன்று பத்து வாக்கில். விழுந்தால் ஏழு நிமிடத்தில் தானே எழுந்துகொள்ளும்; அப்படி எழும்படி அமைத்தது பம்பரம்தான், அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆனால் அந்த ஏழு நிமிடம் ரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு அச்சாகாது, முடிவுகளைப் பதிய முடியாது, பாதி பதிந்தது போய்விடும். காத்திருக்கும் நோயாளிகள் கண்ணாடி ஜன்னலைத் தட்டத் தொடங்குவார்கள்.

பம்பரம் மாற்றாத பொருள் இல்லை. ஒரே சனிக்கிழமையில் கூடத்து மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினாள், லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்தாள், கூடத்துக் கணினிகளின் கேபிளை மாற்றினாள். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? கை சும்மா இருக்க வேண்டுமே. அதன் பிறகு ஒன்பது நாள் சர்வர் விழவில்லை. ஒன்பதாம் நாள் மாலை அவள் அறிக்கை எழுதினாள்: “இயந்திரம் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. அதில் எந்தக் குறையும் இல்லை.” பத்தாம் நாள் பதினொன்று ஒன்பதுக்கு சர்வர் விழுந்தது.

நிர்வாக மேலாளர் தர்க்கம் படித்தவர். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கேட்டார்:

“மெஷின்ல குறை இல்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

“ஆமா சார், ஆனா...”

“ஆனா என்ன? மெஷின் இல்லன்னா மனுஷங்க. எல்லாமே காலை ஷிப்ட்ல விழுது. காலை ஷிப்ட்ல யாரு?”

காலை ஷிப்ட்டில் அக்கா. கூடத்தின் பொறுப்பாளரை மருத்துவமனையில் எல்லோரும், அவரைவிட வயதில் மூத்த டாக்டர்கூட, அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடமாக நுண்ணோக்கியில் ரத்தத்தைப் பார்த்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு விரலால் தட்டக் கற்றுக்கொண்டார்; மற்ற ஒன்பதும் எதற்கு என்று கேட்டார். தினமும் பதினொரு மணிக்கு நிலுவைப் பட்டியலைத் திறப்பது அவர் வழக்கம். பட்டியல் பெரியது. அக்கா திறக்கிறார், சர்வர் விழுகிறது. மேலாளருக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. அக்காவைக் கீழ்த்தளத்துப் பழைய காகிதங்களின் அறைக்கு மாற்றி உத்தரவு தயாரானது. திங்கட்கிழமை முதல் அமல்.

“ரத்தத்தைப் பார்த்த கண்ணு, இனிமே தூசியைப் பார்க்கட்டும்” என்றார் அக்கா. பிறகு, குரலைத் தாழ்த்தி, “நிஜமாவே நான்தான் ஏதோ தப்பா அமுக்குறேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு” என்று கேட்டார்.

“பக்கத்துல இருந்து பார்த்துட்டுச் சொல்றேன் அக்கா” என்றாள் பம்பரம். வெள்ளிக்கிழமை காலை அக்காவின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்கு; முக்காலி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

“அந்தக் காலை ஆட்டாதே. மேசை ஆடுது, மேசை ஆடினா ஸ்லைடு ஆடுது.”

“ஆட்டல அக்கா.”

“ஆட்டலன்னு சொல்லும்போதே ஆட்டுறே.”

பதினொன்று எட்டு. அக்கா ஒரு குழாயில் கோணலாக ஒட்டிய சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பட்டியலை இன்னும் திறக்கவே இல்லை. திரை உறைந்தது. ஜன்னல் பக்கம் முதல் தட்டு கேட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பம்பரம் அறையைவிட்டு ஓடினாள்.

சர்வர் எழுந்ததும், அது தன் நடப்பையெல்லாம் எழுதிவைக்கும் லாக்கைத் திறந்தாள். எல்லா முறையும் பார்த்தது போலவே எதுவும் இல்லை. ஒரு புகார் இல்லை, எச்சரிக்கை இல்லை. கடைசி வரி பாதியில், ஒரு சொல்லின் நடுவில் அறுந்திருந்தது. அதையும் அவள் முன்பு பார்த்திருக்கிறாள். பார்த்த வேகத்தில் கீழே ஓடியிருக்கிறாள். இந்த முறை அக்காவின் நகம் கண்ணில் நின்றதாலோ என்னவோ, அந்த அறுந்த சொல்லிலேயே நின்றாள். நோயில் விழும் இயந்திரம் முனகிவிட்டுத்தான் விழும். இது முனகவே இல்லை. பேசிக்கொண்டிருந்தவனை வெளியிலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வெளியில் என்றால் எங்கே? பரிசோதனைக்கூடத்து சர்வர் தனி இயந்திரமே அல்ல. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள், ஒரே வீட்டில் குடியிருக்கும் பல குடித்தனங்கள் மாதிரி. அதில் ஒன்று பரிசோதனைக்கூடம், இன்னொன்று ஸ்கேன் அறை. குடித்தனக்காரர்களை அவள் ஆறு வாரமாகக் குடைந்திருந்தாள். வீட்டைத் தொடவில்லை. காரணம், வீடு நானூற்றுச் சொச்சம் நாளாக ஒருமுறைகூட விழவில்லை. அந்த எண்ணிக்கையைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். விழாததைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

வீட்டின் லாக்கைத் திறக்க அரை நிமிடம் ஆகவில்லை. “மெமரி தீர்ந்தது. மிகப் பெரிய பணியைக் கொன்றேன்.” கொல்லப்பட்டது பரிசோதனைக்கூடத்து சர்வர், நேரம் பதினொன்று எட்டு. லாக்கில் பழைய வரிகளுக்குப் போனாள். பன்னிரண்டு தேதிகள், பன்னிரண்டு கொலைகள். ஒளிவுமறைவே இல்லை. கொன்றவன் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறான், கேட்கத்தான் ஆளில்லை.

மெமரியைத் தின்றது யார் என்று தேடினாள். தினமும் பதினொரு மணிக்கு எழுந்து, அரைமணி நேரம் உழைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் ஒரு மெய்நிகர் இயந்திரம் இருந்தது. அதன் பெயர் ‘தற்காலிகம்’. உண்டாக்கியது அவள். பதினான்கு மாதங்களுக்கு முன்பு, பேக்கப் என்று தகவல்களுக்கு நகல் எடுக்கிறோமே, அதைத் திரும்பப் போட்டால் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க, ஒரு வாரத்துக்கு மட்டும். தன் கண் முன்னால் ஓடட்டும் என்று பகல் பதினொரு மணி வைத்தாள். அந்த ஒரு வாரம் முடிவதற்குள் அவள் வேறு வேலைக்கு ஓடிவிட்டாள். பேக்கப் வளர்ந்தது, தற்காலிகமும் வளர்ந்தது. ஸ்கேன் அறையில் கூட்டமான காலைகளில் வீட்டுக்குள் இடம் போதவில்லை. அந்த ஒன்பது நாள் நிம்மதிக்கும் காரணம் தெரிந்தது: ஸ்கேன் கருவி பழுதாகி மூடிக் கிடந்திருக்கிறது. தற்காலிகம் இத்தனை மாதமும் தினந்தோறும் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது, “சோதனை வெற்றி” என்று. திறந்து பார்க்கத் தேவையில்லாதவற்றுக்கென்று அவள் வைத்திருந்த பெட்டியில் அவை நானூறுக்கு மேல் கிடந்தன. மருத்துவமனையிலேயே ஒழுங்காக, தவறாமல் நடந்துவந்த ஒரே சோதனை அதுதான்.

அவள் அதை நிறுத்தினாள். ஒரு கட்டளை, ஒரு விநாடி.

அன்று இரவு தன் வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு திருகைத் தேடி அரைநாள் ஓரிடத்தில் இருக்கக்கூடியவர்.

“உக்காரேன்மா. பார்க்கிற எனக்குத் தலை சுத்துது.”

“நிறுத்திட்டேங்க. இனிமே விழாது.”

“நல்லதுதானே? அப்புறம் என்ன நடை?”

“திங்கக்கிழமை அக்கா கீழ போறாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து சர்வர் விழாது. பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?”

அவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார். “அக்காவாலதான் விழுந்துச்சுன்னு முடிவே கட்டிடுவாங்க.”

“அதான் நடக்கிறேன்.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்தாள். திங்கட்கிழமை மேலாளரின் அறைக் கதவு திறக்குமுன் அதன் எதிரில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் பொறுமையாகக் கேட்டார், பிறகு பேனாவை மூடினார்.

“சரியாயிடுச்சில்ல, விடுங்க. ‘தொழில்நுட்பத் திருத்தம் செய்யப்பட்டது’ன்னு ஒரு வரி எழுதிப் பூசி மெழுகிடலாம். உத்தரவு போட்டாச்சு. ஒரு மாசம் போகட்டும், பார்த்துக்கலாம்.”

“சார், நான் சொன்னா நம்ப வேண்டாம். வந்து பாருங்க. நானே விழ வைக்கிறேன்.”

மதியம் ஒன்றரை மணி, கூடத்தில் யாரும் காத்திருக்காத வேளை. கீழ்த்தளத்திலிருந்து கூப்பிட்டு வந்த அக்கா தேவையான சீட்டுகளை முன்கூட்டியே அச்சடித்து வைத்துவிட்டு, கைகளை அங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். பம்பரம் தற்காலிகத்தை எழுப்பினாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஆறு வாரமாக வேண்டாத நேரத்திலெல்லாம் விழுந்த சர்வர், கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“விழலியே?”

“விழும் சார். விழணும்.” தன் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அவளுக்கே வியர்த்தது. ஸ்கேன் அறைக்கு ஓடினாள். பழைய படங்களையெல்லாம் திறந்து வைக்கச் சொல்லியிருந்த ஆள் சாப்பிடப் போயிருந்தார். கையைக்கூடக் கழுவவிடாமல் இழுத்து வந்து உட்கார வைத்தாள். நூறு படம் திறந்தது, நூற்றைம்பது திறந்தது. கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“விழுந்துடுச்சு! சார், ரெண்டு கையும் பைக்குள்ளதான் இருக்கு, எண்ணிக்கோங்க!”

மேலாளர் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் படிவம் இல்லை. அவர் போனதும் அக்கா பைக்குள்ளிருந்து கையை எடுத்து, அந்த ஒற்றை விரலை பம்பரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஆறு வாரம்டி. இந்த விரலை நானே சந்தேகப்பட்டேன். வீட்ல விளக்கு சுவிட்ச் போடக்கூட பயந்தேன், தெரியுமா?”

“தெரியல அக்கா.”

“இப்ப தெரிஞ்சுக்கோ. கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேசாதே.”

மாலையில் சம்பவ அறிக்கைப் படிவம் வந்தது. ‘காரணம்’ என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: இயந்திரம், பயன்படுத்துபவர், இயற்கை. அவள் மூன்றையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: “நான் அமைத்து, நிறுத்த மறந்த சோதனை. பன்னிரண்டு முறையும் இதனால்தான். காலை ஷிப்ட்டுக்குச் சம்பந்தமில்லை.” கீழே கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.