பதின்மூன்று அங்குல டயர்

மடுல்கெல்லப் பாதையின் வளைவொன்றில் மாமாவின் கார் மழையில் சறுக்கி, முழுதாகச் சுழன்று, வந்த திசையையே பார்த்தபடி நின்ற செய்தி மாமாவுக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து ஏற்றி வந்த லொறிச் சாரதி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பின் சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றதாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, மாமா வந்து சேரும் வரை வாசல் படலையிலேயே நின்றார்.

மாமா அம்மாவின் தம்பி. மடுல்கெல்ல, ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டங்களுக்கு டொக்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கண்டியில் வேலை கிடைத்த நாளிலிருந்து வத்தேகம வீதியில் இருந்த எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் அரசாங்க வேலை. மாதம் ஒருமுறை வருவார். அந்தக் கார், நாட்டைவிட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் மாமா வாங்கியது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கன்வஸ் கூரை போட்ட, பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். எனக்கு ஒன்பது வயது. காருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட.

எண்பதுகளின் கடைசி அது. வடக்கில் நடந்ததைப் போர் என்றார்கள். எங்கள் பக்கத்தில் நடந்ததற்கு யாரும் பெயர் சொல்வதில்லை. கடைகளை மூடச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர் சுவரில் கையால் எழுதிய தாள் ஒட்டினால் மூடினார்கள். திறக்கச் சொல்லி இராணுவம் துவக்கோடு வந்தால் திறந்தார்கள். எங்கள் வீதியில் இரண்டு சிங்கள வீட்டு அண்ணாமார் காணாமல் போயிருந்தார்கள். நான் அறைக்குள் வந்ததும் பெரியவர்களின் பேச்சு மழைக்கும் மரக்கறி விலைக்கும் மாறிவிடும்.

“ஒண்டில் காரை வில், இல்லாட்டி ரயரை மாத்து,” என்றார் அம்மா.

“சனிக்கிழமை மாத்திறன் அக்கா.”

“அப்ப பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.”

பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தால் பாதையை மறிப்பவர்கள் அதிகம் கேட்கமாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. என்மேல் உள்ள பாசத்தால்தான் அனுப்புகிறார் என்று எண்ணி, நான் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

கண்டி நகரில் மாமா போன டயர்க் கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்ற பொருளில் அவரை நாங்கள் நானா என்று அழைப்போம். மாமா ஒரு டயரைத் தேர்வதற்கும் ஒரு நோயாளியைப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் எழுதியிருந்த எண்களைப் படித்தார். பெருவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பிடித்து, தடம் விழுகிறதா என்று பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“டொக்டர், பொண்ணு பாக்கப் போனாலும் இவ்வளவு பாக்க மாட்டீங்க,” என்றார் நானா.

“பொம்பிளை பிழைச்சால் வீட்டோட போகும் நானா. ரயர் பிழைச்சால் பள்ளத்துக்குள்ள போகும்.”

முதலில் நானா எடுத்து வைத்தது உள்ளூர் டயர். ஐந்து வருடம் தேயாது என்றார். மாமாவின் நகம் அதில் இறங்கவில்லை. தேயாத ரப்பர் ஈரத் தாரில் பிடிக்காது என்று தள்ளிவைத்தார். அடுத்தது அகலமான, பக்கச் சுவர் குட்டையான டயர். ரேஸ் கார்களுக்குப் போடுவது போல மினுங்கியது. எனக்கு அதுதான் பிடித்தது.

“அகலமெண்டால் பிடிக்குமெண்டு நினைக்காதை பிள்ளை,” என்றார் மாமா. “எங்கட கார் பாரமில்லை. அகல ரயரைப் போட்டால் மழைத்தண்ணிக்கு மேல மிதக்கும்.”

கடைசியில் உள்ளறையிலிருந்து நான்கு ஜப்பான் டயர்கள் வந்தன. பதின்மூன்று அங்குலம். ஒடுக்கம். ரப்பர் மெது, தண்ணீர் வழிந்தோட ஆழமான வெட்டுகள். இரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும் என்று நானாவே ஒப்புக்கொண்டார். “ஆனா மழையில நாய் மாதிரி கவ்வும்.” மாமாவின் நகம் அரை மில்லிமீட்டர் இறங்கியது. அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

கழற்றிய பழைய டயர்களைக் கடையிலேயே விட்டுவருவதுதான் வழக்கம். மேல் ரப்பர் ஒட்டிப் புதுப்பிப்பவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். அன்று நானா அவற்றைத் தொடவில்லை.

“இத நீங்களே கொண்டு போங்க டொக்டர். பழைய டயர் கடைல வச்சிருக்க ஏலா. இப்ப ஒருத்தரும் வச்சிருக்கிறல்ல.”

“ஏன் நானா?”

நானா என்னைப் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்தார். “கொண்டு போங்களே. வீட்டுக்குப் போய் மண்ணுக்குள்ள புதைங்க.”

மாமா அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். புதிய ரப்பரின் மகிழ்ச்சி அவருக்கு. எனக்கோ பழைய டயர் நான்கிலும் பூச்செடி வைக்கலாம் என்ற மகிழ்ச்சி. இரண்டைக் காரின் பின்பக்கத்தில் கயிற்றால் கட்டினார். மற்ற இரண்டையும் என் இருக்கையில் அடுக்கி, மேலே என்னை இருத்தினார். கூரையை மடித்துவிட்டோம். வீதி முழுவதும் எனக்குக் கீழே தெரிந்தது.

நகரைத் தாண்டிப் பாலத்துக்கு முன்பாகப் பாதையை மறித்திருந்தார்கள். ஆறு பேர். இரண்டு பேர் சீருடையில் இருந்தார்கள். மற்றவர்களுக்குச் சாதாரணக் காற்சட்டையும் ரப்பர் செருப்பும். அவர்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லை. ஒருவன் மாமாவின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

“கொஹெத யன்னே?” எங்கே போகிறாய் என்று கேட்டான். மாமா வீட்டுக்கு என்றார்.

“டயர் எதற்கு?”

மாமாவுக்குப் பயம் வந்தால் விளக்கம் கூடும். தன் யாழ்ப்பாணத்துச் சிங்களத்தில், ஈரத் தாரையும் மெது ரப்பரையும் மடுல்கெல்ல வளைவையும் ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினார். சொன்னதையே மறுபடியும் சொன்னார். ஒரு பெரிய ஆள் அப்படிப் பயப்படுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரை இறக்கி எங்காவது கொண்டுபோனால் நான் எப்படி வீட்டுக்குப் போவது என்பது மட்டுமே என் மனதில் ஓடியது. எனக்கு வழி தெரியும், ஆனால் பாலத்தைத் தனியே கடக்கத் தெரியாது.

அவன் குனிந்து புதிய டயரைப் பார்த்தான். என் கீழே இருந்த பழையதைத் தட்டினான்.

“அப்படியானால் இவை தேவையில்லைதானே, டொக்டர் மஹத்தயா?” மரியாதையாகவே கேட்டான்.

மாமா அவன் கையிலிருந்த தன் அட்டையைப் பார்த்தார். பிறகு, “தேவையில்லை,” என்றார்.

செருப்புக் காலோடு ஒருவன் வந்து என்னைத் தூக்கி நிலத்தில் விட்டான். நான்கையும் உருட்டிக்கொண்டு போனார்கள்.

“மாமா, அது எங்கட! பூக்கண்டு வைக்கிறதுக்கு!”

“பேசாமல் ஏறு.”

“நீங்கள் குடுத்திட்டீங்கள்!”

“ஏறு எண்டால் ஏறு!”

அடையாள அட்டை திரும்பி வந்தது. வீடு வரும் வரை நான் அழுதேன். மாமா இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை காலை என்னைப் பாடசாலையில் விட அதே வழியால் போனோம். பாலத்தில் யாரும் இல்லை. அதற்கு அப்பால் வீதியோரத்தில் ஆட்கள் எட்டத்தில் நின்று, பார்த்தும் பாராமலும் போய்க்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளை, உன்ர சப்பாத்து நாடா அவிண்டு போச்சு. குனிஞ்சு கட்டு.”

குனிந்து பார்த்தேன். நாடா அவிழவில்லை. இருந்தாலும் அவிழ்த்துக் கட்டினேன். நிமிர்ந்து பின்னால் திரும்பியபோது ஆட்களின் கால்களும் கருகிய புல்லும், அதன்மேல் கம்பி வளையங்களும் தெரிந்தன. பஸ் சக்கரத்துக்குப் போதாத சிறிய வளையங்கள். எண்ணினேன்: எட்டு. ஒரு டயருக்குள் இரண்டு கம்பி வளையங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் கொல்லப்பட்டவர்களை எதை வைத்து எரித்தார்கள் என்பதும் தெரியாது. இரண்டையும் நான் அறிய இன்னும் பல வருடங்கள் இருந்தன. மாமாவுக்கு அதற்குள் இரண்டும் தெரிந்துவிட்டது.

அன்று மாலை காரைக் கொட்டிலில் விட்டவர் பிறகு அதை எடுக்கவில்லை. தோட்டங்களுக்குப் பஸ்ஸில் போனார். நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: நானா ஏமாற்றிவிட்டார், டயர் சரியில்லை.

மூன்று மாதம் கழித்துக் காரை வாங்க ஒருவர் வந்தார். சுற்றிவந்து, குனிந்து, டயரில் நகத்தை வைத்துப் பார்த்தார். “அருமையான டயர். ஓடவே இல்லை போல.”

நான் குறுக்கே போய் நின்றேன். அந்த மனிதர் ஏமாந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. “அது கூடாத டயர்,” என்றேன். “மாமாவுக்கே அதில போகப் பயம்.”

வந்தவர் சிரித்துவிட்டு மாமாவைப் பார்த்தார். மறுப்பார் என்று நானும் அவரைப் பார்த்தேன்.

“ஓம்,” என்றார் மாமா. சொன்ன விலையிலிருந்து இரண்டாயிரம் குறைத்துக்கொண்டார்.