கண்டக்டர் அளவு

அம்மா பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்புவாள். புது கண்டக்டர்களிடம் குறை கண்டுபிடிக்கத்தான்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் கட்டு.

"இடுப்பு தப்பிச்சது. இன்னொரு தடவை விழுந்தா பஸ்ஸையே மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

அம்மா அன்று முழுக்க யாரிடமும் குறை கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது அதிசயம்.

நான் இன்ஜினியர். ரப்பர் விரிப்பு போட்டேன். விளக்கை மாற்றினேன். கைக்கு எட்டும் உயரத்தில் மூன்று கம்பிகள் பதித்து, நானே தொங்கிச் சோதித்தேன்.

"நான் எதைத் திருடினேன், கம்பி எண்ண வைக்கிறே?"

"பிடிச்சுக்கம்மா, போதும்."

"கம்பி பாசஞ்சருக்குடா. கண்டக்டர் பிடிச்சா வண்டியே சிரிக்கும்."

மறுநாள் மூன்றிலும் துணி காய்ந்தது.

கட்டுப் பிரித்த அன்றே பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அந்த வண்டியின் கண்டக்டர் சின்னப் பெண். இரண்டு கையாலும் டிக்கெட் கிழித்தாள். வண்டி வளைவில் திரும்பியும் அசையவில்லை.

"பாத்தியா? கை எங்கயாவது படுதா?"

"கை படல. இடுப்பை சீட்டுல முட்டுக் குடுத்திருக்காளே. நீயும் அப்படித்தானேம்மா நின்னே?"

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவள் போல அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கம்பியைக் கழற்றி, அவள் இடுப்பு உயரத்தில் படுக்கைவாட்டில் பதித்து, மேலே ரப்பர் சுற்றினேன். மறுநாள் காலை குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம். கூடவே, "போலாம் ரைட்!"

அதன் பிறகு அம்மா விழவே இல்லை. போன மாதம் நின்றது இதயம். அன்று காலையும் கடைசி ஸ்டாப் வரை போய், ஒரு கண்டக்டரைத் திட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

துக்கத்துக்கு வந்த சித்தி குளித்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஏண்டா, பெரிய இன்ஜினியர், அந்தக் கம்பியை இவ்ளோ கீழ வச்சிருக்கே? அளவு தப்பிடுச்சா?"

"இல்ல சித்தி. அது கண்டக்டர் அளவு." விஷயத்தைச் சொன்னேன்.

சித்தி மறுபடி உள்ளே போய்ச் சாய்ந்து பார்த்தாள். "சொகமாத்தான் இருக்கு. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்."

இன்று சித்தி வீட்டுக் குளியலறையில் டேப்போடு நின்றேன். அம்மாவைவிட இரண்டு அங்குலம் குள்ளம். சுவரில் பென்சிலை வைத்தேன். கோடு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன்.

"மெதுவாப் போடுடா" என்றாள் சித்தி. "நான் எங்கயும் போயிடல."