ஒரு பெயருக்கு முப்பது பைட்

எண்பதுகளின் கடைசியில் சேலத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பெங்களூரில் ஆறு மாதம் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு வந்திருந்தேன். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

நிரந்தரமாகாத ஆட்களைப் பதிலி என்போம். காலையில் கேட்டில் சூப்பர்வைசர் பட்டியலைப் படிப்பார். பெயர் வந்தவர்தான் உள்ளே போகலாம். தொடர்ந்து மூன்று நாள் வராதவருடைய சீனியாரிட்டி அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்களை ஏற்றிவரும் ஜலகண்டாபுரம் பஸ்ஸுக்கு ஒரு பட்டியல், அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸுக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கி அச்சடிக்கச் சொன்னார் மேனேஜர்.

நிரலில் பட்டியலுக்கென்று ஒரு கிளாஸ் எழுதினேன், விவரத்தையும் அதை வைத்துச் செய்யும் வேலையையும் சேர்த்து மூடிவைக்கும் பெட்டி மாதிரி. அதற்குள் எழுத்துக்கு ஒரு பைட் என்று வரிசையாக அடுக்கும் ஒரு பைட் அரே. ஒரு பெயருக்கு முப்பது பைட். இரண்டு பட்டியலுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் சேர்ந்துவிடும். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டியதில்லை, அதுதான் அந்த முறையின் பெருமை என்று பார்த்தவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

புதுப் பட்டியல் வந்த இரண்டாம் நாள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் அறை வாசலில் நின்றார். எட்டு வருஷமாகப் பதிலி. அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியவர்.

"சாமி, ரெண்டு நாளா எம்பேரு வரலீங்க. கொஞ்சம் பாருங்க."

"மிஷின் தப்புப் பண்ணாதுங்க. நீங்க சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க."

வாய் கூசாமல் சொன்னேன். மூன்றாம் நாளும் அவர் கேட்டிலிருந்து திரும்பிப் போனார். கணக்கில் அவர் மூன்று நாள் வராதவர் ஆகிவிட்டார்.

நான்காம் நாள், ஆள் ஒன்று குறைகிறதென்று சூப்பர்வைசர் வந்து நின்ற பிறகுதான் நிரலைத் திறந்தேன். முதல் பட்டியல் முடிந்த பிறகு தொடங்க வேண்டிய இரண்டாவதை, முதலாவதின் கடைசிப் பெயர் இருந்த இடத்திலிருந்தே நகலெடுத்திருந்தேன். முப்பது பைட் முன்னால். ஆங்கில எழுத்து வரிசையில் அந்தக் கடைசிப் பெயர் அவருடையது. அதன்மேல் வேறொருவர் பெயர் ஏறியிருந்தது.

ஒரு வரியைத் திருத்தினேன். விஷயம் தெரிந்து மேனேஜர் சொன்னார்: "உங்க தப்புன்னு எழுதிக் குடுங்க. அவரு சீனியாரிட்டியத் திருப்பிக் குடுத்தர்றேன்."

எனக்கே வேலை இன்னும் உறுதியாகவில்லை. பயந்துவிட்டேன். பிறகு தருகிறேன் என்றேன், தரவே இல்லை.

மறுநாள் அவர் சிரித்தபடி வந்தார். "பேரு வந்துருச்சுங்க சாமி. நீங்க பாத்து உட்டதுதானுங்க." எட்டு வருஷம் போய்விட்டது அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.