வாசல் பந்தி

மஸ்தான் பாய், பூட்டு ரிப்பேர் செய்தவர். கௌரி, பழைய பேப்பர் பொறுக்கியவள். கணேசன், யாரோடும் பேசாதவன். கடைசியில் நான், மீன்பாடி வண்டிக்காரன். அன்று சர்ச் வாசலில் இந்த வரிசையில்தான் உட்கார்ந்தோம்.

இன்று காலை சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டைப் பிரித்தார்கள். பச்சை வாசனை. கூடவே இவர்களும் நினைவில் வந்துவிட்டார்கள்.

எங்கள் சர்ச்சில் அப்போது சனிக்கிழமைதோறும் கஞ்சி ஊழியம். எனக்கு ஜெபம் பண்ண வராது. பாடினால் என் வண்டி பிரேக் மாதிரி இருக்கும். அதனால் கஞ்சி அண்டாவை வண்டியில் ஏற்றி, பாலத்தடியில் குடியிருந்தவர்களுக்குக் கொண்டுபோவது என் வேலை. முதல் நாள் எல்லோரும் வாங்கினார்கள். மஸ்தான் பாய் மட்டும் கிண்ணத்தை நீட்டவில்லை.

"நீ துன்ட்டியா நைனா?"

"வூட்ல போய் துன்னுக்கிறேன் பாய்."

"நீ துன்னாத கஞ்சி எனுக்கு இன்னாத்துக்கு? இது என் வூடு. குந்து."

அவர் வீடு ஒரு கோணி, ஒரு தகரப்பெட்டி, ஒரு சாவிக்கொத்து. உட்கார்ந்தேன். இரும்பு வாசனையோடு கஞ்சி இறங்கியது. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் நின்றபடி ஊற்றிவிட்டுத் திரும்பியதில்லை. கௌரி ஊறுகாய் எடுத்து வைப்பாள். கணேசன் நகர்ந்து இடம் விடுவான். அதுதான் அவன் பேச்சு.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் ஹாலில் எல்லோருக்கும் சாப்பாடு. மூன்று பேரையும் கூப்பிட்டேன். கௌரி தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். சர்ச் கமிட்டிச் செயலாளர் படியிலேயே மறித்தார்.

"இவங்களுக்குப் பின்பக்கம் பொட்டலம் குடுத்துடலாம்பா. உள்ள குடும்பங்க சாப்பிடுறாங்க."

"இவங்க வூட்ல நான் குந்தித் துன்னேன் சார். நம்ம வூட்ல இவங்க நின்னுகினு வாங்கணுமா?"

"உன்ன யாரு அங்க உக்காரச் சொன்னது?"

உள்ளே போய் நான்கு இலை எடுத்துவந்தேன். வாசலில், கார் போகிற வழியில் போட்டேன்.

"ண்ணா, ஆரன் அடிக்கிறாங்கண்ணா" என்றாள் கௌரி.

"அடிக்கட்டும். நீ தண்ணி தெளி."

சமையல் பண்ணிய ஸ்டெல்லா அக்கா வாளியோடு வெளியே வந்தாள். செயலாளர் பக்கம் திரும்பாமல் சாம்பார் ஊற்றினாள். மஸ்தான் பாய் அவசரப்படவில்லை. ரசம் இரண்டாம் தடவை கேட்டார். கார்கள் நின்றன.

அதோடு நான் ஹாலுக்குள் சாப்பிட்டதில்லை. வருஷாவருஷம் வாசல்தான். ஆராதனையை விடவும் இல்லை. ஏன் விட வேண்டும்? ஆண்டவர் என்ன அந்தக் கமிட்டியிலா இருக்கிறார்?

இப்போது பாலத்தடியில் கம்பிவேலி. கஞ்சி ஊழியம் நின்றுவிட்டது. மஸ்தான் பாய் இறந்துவிட்டார். கணேசன் எங்கே போனான் என்று தெரியவில்லை. கௌரியை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். பண்டிகைக்கு மட்டும் பஸ் மாறி வருவாள். ஹாலில் இலை கிடையாது. மேசை, பேப்பர் தட்டு.

போன ஞாயிறு புதுச் செயலாளர் சொன்னார். "இந்த வருஷமாவது உள்ள வாப்பா. வெயில்ல நீ ஒருத்தன் எதுக்கு?"

"ஒருத்தன் இல்ல சார்."

இன்று பண்டிகை. இலைக்காரி எத்தனை என்று கேட்டாள்.

இரண்டு.