பாலகன் வருகைக்கு வந்த வளையல்கள்

1991. கல்யாணமாகி ஏழு மாதம். திருநெல்வேலிக்கு வெளியே எனக்கு அதுதான் முதல் கிறிஸ்துமஸ். ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவே ஒரு தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பண்டிகையன்றும் ஷிஃப்ட் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அவரை விட்டுவிட்டு ஊருக்குப் போக எனக்கு மனமில்லை. தனியாகச் சுவரைப் பார்த்து உட்காரவும் முடியாது. தெருப் பெண்களை மாலைத் தேநீருக்கு அழைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

பத்து நாள் அதே வேலை. மூங்கில் சீவி, காற்றாடித் தாள் ஒட்டி ஒரு நட்சத்திரம் கட்டினேன். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் தொட்டில் பின்னினேன். பழைய வேட்டித் துணியில் பஞ்சடைத்து ஒரு குழந்தை செய்து, அதற்கு விரல் நீளச் சட்டையும் தைத்தேன். வாசல் வெயிலில் உட்கார்ந்து தைத்ததால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். முன்கட்டில் இருந்த வீட்டுக்கார அக்காவின் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அதனால் முட்டை சேர்க்கும் கேக்கை விட்டுவிட்டேன். மைதா உருண்டைகளைப் புதுச் சீப்பில் அழுத்திச் சுருட்டி, பொரித்து, பாகில் புரட்டிக் கல்கலா செய்தேன். முட்டையில்லாத அச்சு முறுக்குதான் மூன்று தடவை அச்சை விட்டு வர மறுத்தது.

அழைப்பு அட்டைகளையும் நானே வெட்டினேன். சர்ச் தமிழில் எழுதினால்தான் அழகு என்ற நினைப்பில், “பாலகன் வருகையை முன்னிட்டு எங்கள் வீட்டில் தேநீர் விருந்து. பெண்கள் அனைவரும் வருக” என்று எழுதி ஆறு வீடுகளில் கொடுத்தேன்.

பண்டிகையன்று நாலு மணிக்கு டீ கொதித்து அடங்கியது. யாரும் வரவில்லை. நாலரைக்கும் இல்லை. எங்கள் வீட்டுப் பலகாரம் வேண்டாமென்று இருந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். கல்கலாவைத் திரும்ப டின்னில் அள்ளிக்கொண்டிருந்தபோது தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். பட்டுப் புடவைகளில் ஒன்பது பெண்கள் வரிசையாக வந்தார்கள். கையில் தாம்பாளத் தட்டுகள், மூடி போட்ட தூக்குகள். முன்னால் வந்த வீட்டுக்கார அக்கா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் தடவி, என் கையைப் பிடித்துக் கண்ணாடி வளையலை ஏற்றத் தொடங்கினார்.

“என்னக்கா செய்யுதீங்க? யாருக்கு வளைகாப்பு?” என்றேன்.

“உனக்குத்தான். நீதானம்மா பத்திரிகை வெச்ச?”

“அது கிறிஸ்துமஸுக்கு அக்கா. பாலகன்னா ஏசு பாலன்.”

அக்காவின் கை பாதி வளையலில் நின்றது. “அப்ப நீ மாசமா இல்லியா?”

“இல்லக்கா.”

“தொட்டிலு கட்டிக்கினு, குட்டிச் சட்ட தெச்சிக்கினு இருந்தியே. கல்யாணம் ஆயி ஏழு மாசம், கணக்கும் சரியாத்தான் கீதேன்னு நெனச்சோம்.”

“நான் அப்பவே சொன்னேன், வயிறே காணோமேன்னு,” என்றார் எதிர்வீட்டம்மா. “மார்கழில எவளாவது வளைகாப்பு வெப்பாளான்னும் கேட்டேன். அவங்க வயக்கம் வேறன்னு இவதான் என் வாய அடச்சா.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். தூக்குகளில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு. இதையெல்லாம் ஆக்கி முடிக்கத்தான் தாமதம். “போட்ட வளையல கயட்டக் கூடாது,” என்று அக்கா மறு கையிலும் ஏற்றிவிட்டார். டீயை மறுபடி சூடாக்கினேன். எதிர்வீட்டம்மா கல்கலாவை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். துணிக் குழந்தையை ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்து, சட்டையில் பித்தான் இல்லை என்று குறை சொன்னார்கள்.

இருட்டும் நேரத்தில் கணவர் வந்தார். வீடு நிறையப் பெண்கள். நடுவில் நான், கன்னத்தில் சந்தனமும் முழங்கை வரை வளையலுமாக. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே,” என்றார் மெதுவாக.

நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அக்கா அவரை உட்காரச் சொல்லி, இலையில் புளிச்சோற்றை அள்ளி வைத்தார்.